எதை முதலில் கேட்பது: புதிய அரசியலமைப்பா, மாகாண சபைத் தேர்தலா, கையில் இருக்கும் சட்டமா?

திருகோணமலையில் உவர்மலைக்கு ஏறும்போது கிழக்கு மாகாண அலுவலகங்களைத் தாண்டித்தான் நான் தினமும் போகிறேன். காலை எட்டரைக்கெல்லாம் ஊழியர்கள் வந்துவிடுவார்கள். வாகனங்கள் வரிசையில் நிற்கும், கோப்புகள் மாடி ஏறி இறங்கும். ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுகளின் செயலாளர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்ப வேண்டிய 37 பேர் மட்டும் இல்லை. 2017 செப்டம்பர் முடிவோடு கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது, அதன்பிறகு தேர்தல் வைக்கவே இல்லை. 2012இல் கடைசித் தேர்தல் நடந்தபோது என் மகளுக்குப் பதினேழு வயது. இப்போது முப்பது. மாகாண சபைக்கென்று ஒரு வாக்குக்கூட அவள் போட்டதில்லை.

இந்த மாதிரி விஷயங்களைப் பேச நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர், தம்பலகாமத்தில் வயல் செய்யும் அண்ணை, மற்றவர்கள் இளம் பிள்ளைகள். சங்கம் என்று பதிவு எதுவும் இல்லை. எங்களிடம் இருப்பது கொஞ்ச நேரமும், எழுதக்கூடிய இரண்டு மூன்று பேரும்தான். வரும் வருடத்தில் அந்த நேரத்தை எந்தச் சீர்திருத்தத்தின் பின்னால் செலவழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூன்று கூட்டம் இதிலேயே போனது. அந்தப் பேச்சையும், அதற்காக நான் தோண்டிப் பார்த்த பழைய கணக்கையும் இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, புதிய அரசியலமைப்புக்காகக் குரல் கொடுப்பது: நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழித்து, அதிகாரத்தைப் பகிர்ந்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்துவது. இரண்டு, மாகாண சபைகளை உருவாக்கிய, இப்போதும் இருக்கிற 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாண சபைத் தேர்தலை உடனே வைக்கச் சொல்வது. மூன்று, ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமைகளை, அதாவது மொழிச் சட்டத்தையும் தகவல் அறியும் உரிமையையும், அலுவலகம் அலுவலகமாக நடைமுறைக்குக் கொண்டுவருவது.

நாலாவதாக ஒன்றையும் நானா சொன்னார். “தம்பி, இவங்கட கையில 159 இருக்கு. விடுங்கோ, செய்யட்டும். ஒரு வருசம் பொறுப்பம்.” 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி எடுத்த ஆசனங்களைத்தான் சொன்னார். அரசியலமைப்பை மாற்றத் தேவையான மூன்றில் இரண்டுக்கு 150 போதும், அவர்களிடம் ஒன்பது கூடுதலாகவே இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களிலும் இரண்டு அவர்களுக்குத்தான் போனது. அப்படியிருக்க நாங்கள் ஏன் அலைய வேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் பழைய கணக்கைப் பார்த்தால் எண்ணிக்கை இருந்ததால் மட்டும் இங்கே எதுவும் நடந்ததில்லை என்பது தெரியும்.

எது உள்ளே போனது, எது வாசலில் நின்றது

அதிகாரம் பகிர்வதற்கான பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் 1957 ஜூலையில் எழுதப்பட்டு அடுத்த ஏப்ரலில் கிழிக்கப்பட்டதும், 1965இன் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் மாவட்ட சபை மசோதாவாகி 1968இல் கைவிடப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கவனித்துப் பார்த்தது அதற்குப் பிந்திய காலத்தை.

1994இல் சந்திரிகா குமாரதுங்க பெருவாரியான ஆதரவோடு வந்தார். 1995 ஜூலைக்குள் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகச் சொன்னார். 1995 ஓகஸ்டில் வந்த அதிகாரப் பகிர்வு யோசனைகள் அதற்கு முன்னோ பின்னோ எந்த அரசாங்கமும் வைத்ததைவிடத் தூரம் போனவை. ஆனால் அது 1997 வரைவாகி, 2000 ஓகஸ்டில் மசோதாவாகப் பாராளுமன்றத்துக்கு வரும்போது ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வரைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கடைசியில் சபைக்குள்ளேயே எதிர்க்கட்சியினர் மசோதாவின் பிரதியைக் கொளுத்தினார்கள். மூன்றில் இரண்டு கிடைக்காமல் அது அப்படியே நின்றுபோனது.

2015ஐ எடுங்கள். ஜனவரியில் ஆட்சி மாறியது. நூறு நாள் வேலைத்திட்டம் என்றார்கள். ஏப்ரல் 28ஆம் திகதி, ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தம் நிறைவேறியது, எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர். அதே அரசாங்கம் பெரிய வேலையை, புதிய அரசியலமைப்பை, 2016 மார்ச்சில் அரசியலமைப்புச் சபையாகத் தொடங்கியது. மக்கள் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாக வந்தது. திருகோணமலைக்கு வந்தபோது நானும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. காணாமல்போன மகனுடைய படத்தை மேசையில் வைத்துவிட்டு, “இதையும் எழுதிக்கொள்ளுங்கோ” என்றார். இடைக்கால அறிக்கை 2017 செப்டம்பரில் வந்தது. அடுத்த பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தலில் ஆளும் தரப்பு தோற்றது. 2018 ஒக்டோபர் 26இல் பிரதமரையே மாற்றிய நெருக்கடி, 52 நாள். அதற்குப் பிறகு அந்த வரைவைத் தொட யாருக்கும் துணிவு வரவில்லை.

ஒரே ஆட்சி, ஒரே ஆட்கள். நூறு நாளில் தொட்டது நடந்தது, பிறகு பார்ப்போம் என்று வைத்தது நடக்கவில்லை.

நிறைவேறிய மற்றவற்றையும் பாருங்கள். உயர் பதவி நியமனங்களை ஜனாதிபதியின் தனிக்கையிலிருந்து எடுத்த 17ஆவது திருத்தம் 2001இல், அரசாங்கம் கவிழும் நிலையில் ஜே.வி.பி.யின் ஆதரவில் தொங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. 13ஆவது திருத்தம் 1987இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தின் கையெழுத்து உலருமுன் வந்தது. ஜனாதிபதியின் அதிகாரத்தை மறுபடி குறைத்த 21ஆவது திருத்தம் 2022இல், காலிமுகத்திடலில் மக்கள் கூடி ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போன மூன்று மாதத்தில் வந்தது. ஆட்சியின் முதல் மாதங்களில், அல்லது ஆட்சியின் முதுகு சுவரில் முட்டும்போது. இந்த இரண்டு வேளையிலும்தான் கதவு திறக்கிறது.

எண்ணிக்கை போதாது என்பதற்கு இன்னொரு சாட்சி. ஜனாதிபதியின் பதவிக்கால வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்தை 2010 செப்டம்பரில் 161 வாக்கால் நிறைவேற்றிய பாராளுமன்றமும், அந்த வரம்பைத் திரும்பக் கொண்டுவந்த 19ஐ 2015இல் நிறைவேற்றிய பாராளுமன்றமும் ஒன்றுதான். இடையில் பொதுத் தேர்தல் நடக்கவில்லை. 19ஐ உடைத்த 20ஆவது திருத்தத்தை 2020 ஒக்டோபரில் 156 வாக்கால் நிறைவேற்றியவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து 21ஐ 179 வாக்கால் நிறைவேற்றினார்கள். இதைக் கண்டபிறகு, 159 இருக்கிறது, பொறுத்திருப்போம் என்ற வழியை நான் கணக்கில் எடுக்கவில்லை. நானாவும் இரண்டாம் கூட்டத்தில் அதை விட்டுவிட்டார்.

எது தங்கியது

உள்ளே போவது ஒரு பாதி. போனது நிலைக்குமா என்பது அடுத்த பாதி, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 17, 18, 19, 20, 21 என்று கட்டுவதும் உடைப்பதுமாகவே இருபது வருடம் போயிருக்கிறது. ஆனால் 2020இல் 20ஆவது திருத்தம் வந்து 19ஐ அடித்து நொறுக்கியபோதும் எல்லாம் போய்விடவில்லை. உயர் பதவி நியமனங்களைப் பார்த்த அரசியலமைப்புப் பேரவை போனது, பிரதமரின் அதிகாரம் போனது, பாராளுமன்றத்தை நாலரை வருடத்துக்குக் கலைக்க முடியாது என்ற காப்பு இரண்டரை வருடமாகச் சுருங்கியது. முக்கியமான இரண்டு விஷயம் தப்பியது. இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக முடியாது என்பது ஒன்று. தகவல் அறியும் உரிமை மற்றது.

ஏன் இந்த இரண்டும்? பதவிக்கால வரம்பை எந்தக் கடைக்காரரும் ஒரு வசனத்தில் சொல்லுவார், அதை எடுத்தால் எடுத்தது எல்லோருக்கும் தெரியும். தகவல் உரிமையை அதற்குள் ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள் கையில் எடுத்துப் பாவித்துவிட்டார்கள். அரசியலமைப்புப் பேரவையை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாவித்ததில்லை. அது நல்ல அமைப்பு, தேவையான அமைப்பு. ஆனால் அது போனபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு கதவும் திறந்து “என்ன நடந்தது?” என்று கேட்கவில்லை.

தகவல் உரிமை எங்கள் ஒழுங்கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சட்டம் 2016இல் நிறைவேறி 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஒழுங்கை வடிகானை அதற்கு அடுத்த வருடம் கட்டினார்கள். மூடி இல்லாமல் திறந்தபடி விட்டுவிட்டார்கள். கார்த்திகை மழையில் தண்ணீர் ஒழுங்கையை மூடியதும் வடிகான் எது, பாதை எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பக்கத்து வீட்டுச் சின்னவன் அதற்குள் விழுந்து முழங்காலில் ஏழு தையல். கேட்டால், மூடிக்கு ஒதுக்கீடு இல்லை என்றார்கள். படிவத்தை நிரப்பி மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டேன். வேலை நாள் பதினாலுக்குள் பதில் வர வேண்டும், வரவில்லை. மேன்முறையீடு எழுதினேன். பிறகு கடித உறை வந்தது. உள்ளே எல்லாம் சிங்களத்தில். தமிழில் தரச் சொல்லி இன்னொரு கடிதம். கடைசியில் வந்த பிரதியில் ஒன்பதாம் வரி: கொங்கிரீட் மூடி, இத்தனை, அலகு விலை இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் சுற்றி, பத்துப் பிரதி எடுத்து, ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோருமாகக் கொண்டுபோனோம். மூன்று கிழமையில் மூடி வந்தது.

அந்தக் கடதாசி இன்னும் ரீச்சர் வீட்டில் இருக்கிறது. தகவல் உரிமையை எடுக்கப்போகிறோம் என்று நாளைக்கு யாராவது சொன்னால் எங்கள் ஒழுங்கை சும்மா இருக்காது. நிலைத்த சீர்திருத்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு உதாரணம் 2018 உள்ளூராட்சித் தேர்தல். அந்தக் கலப்பு முறை குழப்பத்தையே தந்தது. உறுப்பினர் தொகை நாலாயிரத்து ஐந்நூறு அளவிலிருந்து எண்ணாயிரத்தைத் தாண்டிப் பெருத்தது, பல சபைகளில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதைத் திருத்த வேண்டும் என்று எல்லாக் கட்சியும் சொல்கிறது. ஆனால் அதோடு வந்த பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டைத் தொட யாரும் துணியவில்லை. நூற்றுக்கு இரண்டு அளவில் இருந்த பெண் உறுப்பினர்கள் ஒரே தேர்தலில் இருபதைத் தாண்டினார்கள். ஆசனத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், எழுப்புவது லேசு இல்லை.

தம்பலகாமத்து வயலில் ஒரு பாடம்

பெரிய சீர்திருத்தத்துக்குப் பெரும்பான்மையும் துணிவும் இருந்தால் போதும் என்று இளம் பிள்ளைகளில் ஒருவர் சொன்னபோது வயல் அண்ணை இடைமறித்தார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். அன்றைய ஜனாதிபதிக்கு மூன்றில் இரண்டும் இருந்தது, 20ஆவது திருத்தம் தந்த அதிகாரமும் இருந்தது. நாடு முழுவதும் சேதன விவசாயம் என்ற எண்ணத்தில் தவறு இல்லை. ஆனால் ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் செய்துவிடலாம் என்று நினைத்தார்கள். விவசாயப் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள், கேட்கவில்லை.

அந்தப் பெரும்போகத்தில் அண்ணை என்னை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை, இலை வைக்கோல் நிறம். ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். பாதிக்கு மேல் பதர், ஊதினால் பறந்தது. “பால் பிடிக்கிற நேரத்தில சாப்பாடு குடுக்காட்டி பிள்ளை என்ன செய்யும்?” என்று கேட்டார். தடையை நவம்பரிலேயே கைவிட்டுவிட்டார்கள். ஆனால் வயல் விதைத்தாயிற்று. இன்றைக்கும் கந்தளாய், தம்பலகாமம் பக்கம் சேதனப் பசளை என்று பேச்செடுத்தால் ஆட்கள் எழுந்து போகிறார்கள். எனக்கு இதில் பெரிய கவலை அதுதான். அவசரத்தில் உடைந்த சீர்திருத்தம் தான் மட்டும் உடைவதில்லை, அடுத்த இருபது வருடத்துக்கு அந்தச் சொல்லையே கெடுத்துவிடுகிறது.

முதல் வழி: எல்லாவற்றையும் ஒரே தடவையில்

ரீச்சர் இந்த வழிக்காகத்தான் நின்றார். அவருடைய வாதம் பலமானது. 1978 அரசியலமைப்பின் நடுத்தூணாக நிறைவேற்று ஜனாதிபதி இருக்கும்வரை மற்றதெல்லாம் ஒட்டுவேலை. மாகாண சபையும் ஆளுநரின் கீழ்தான், ஆளுநர் ஜனாதிபதியின் ஆள். நாற்பது வருடமாக நாங்கள் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறோம், கூரையை மாற்றவில்லை என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் வழி எவ்வளவு நீளம் என்று பாருங்கள். மூன்றில் இரண்டு வேண்டும். நாட்டின் தன்மை, மக்களின் இறைமை போன்ற உறுப்புரைகளைத் தொட்டால் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். இந்த நாட்டில் தேசிய அளவில் நடந்த ஒரே சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22இல், பாராளுமன்றத்தின் காலத்தைத் தேர்தல் இல்லாமல் நீடிக்க நடந்தது. அதிகாரப் பகிர்வை முன்வைத்து நாடு முழுக்க வாக்குக் கேட்கும் தைரியம் இன்றைக்கு எந்தக் கட்சிக்கு இருக்கிறது?

சிலி நாட்டில் நடந்ததையும் பேசினோம். 2020இல் அங்கே புதிய அரசியலமைப்பு வேண்டுமா என்று கேட்டபோது 78 வீதம் வேண்டும் என்றார்கள். எழுத ஆட்களைத் தெரிவு செய்து, ஒரு வருடம் எழுதி, 388 உறுப்புரைகளோடு 2022இல் வைத்தபோது 62 வீதம் வேண்டாம் என்றார்கள். அடுத்த வருடம் எதிர்ப்பக்கம் எழுதிய இன்னொரு வரைவையும் தள்ளினார்கள். கடைசியில் பழையதுதான் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் கட்டும்போது, ஒவ்வொருவருக்கும் பிடிக்காத ஒரு பக்கம் அதில் இருந்துவிடுகிறது.

அதற்காகப் பெரியதை நினைக்கவே கூடாது என்று ஆகாது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 வீதத்தை ஒரே அடியாக உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தார்கள். பஞ்சாயத்துகள் முதலில் பழகட்டும், பிறகு பணம் தரலாம் என்று காத்திருக்கவில்லை. பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, செலவழிக்கச் செலவழிக்கப் பழக்கினார்கள். 2001இல் எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்தது, பெயரை மாற்றியது, பணத்தைத் திரும்ப எடுக்கவில்லை. அதற்குள் ஊர் ஊராகக் கிணறும் வீடும் பாதையும் அந்தப் பணத்தில் எழும்பியிருந்தன. அளவில் அது மிகப் பெரிய சீர்திருத்தம். ஆனாலும் முதல் வருடத்திலேயே பலன் ஆட்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே புதிய அரசியலமைப்புக்கான முதல் வருடம் கடந்துவிட்டது. தேசிய மக்கள் சக்தி தன் விஞ்ஞாபனத்தில் 2015–2019 வேலையை முடித்துப் புதிய அரசியலமைப்புக் கொண்டுவருவதாகச் சொன்னது. வரைவு வந்தால் நாங்கள் வாசித்து எழுதுவோம், அந்தப் பொறுப்பை ரீச்சர் ஏற்றிருக்கிறார். ஆனால் எங்கள் வருடம் முழுவதையும் அதில் கட்ட முடியாது.

இரண்டாவது வழி: மாகாண சபைத் தேர்தல்

இதில்தான் அதிகம் பேசினோம், சண்டையும் பிடித்தோம்.

தேர்தல் ஏன் நிற்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2017இல் பெண் வேட்பாளர் வீதத்தைப் பற்றி ஒரு திருத்தச் சட்டமூலம் வந்தது. குழுநிலையில் அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் பிரிவுகளைச் செருகினார்கள். விகிதாசார முறை போய்த் தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24இல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒருவரும் இல்லை. கொண்டுவந்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும், தரவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அவ்வளவுதான் தடை. பழைய விகிதாசார முறையில் ஒருமுறை நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் போதும், சாதாரண பெரும்பான்மையே அதற்குப் போதும். தனிநபர் பிரேரணையாக அது பாராளுமன்றம் வரை போயும் இருக்கிறது. தேசிய மக்கள் சக்தியும் ஒரு வருடத்துக்குள் தேர்தல் வைப்பதாகத்தான் எழுதியிருந்தது. சர்வஜன வாக்கெடுப்பு வேண்டாம், புதிய கோட்பாடு வேண்டாம்.

ரீச்சர் கேட்டார்: வந்து என்ன செய்யும்? 13இல் எழுதிய காணி, பொலிஸ் அதிகாரம் இன்றுவரை கைக்கு வரவில்லை. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளரை மத்திய அரசின் பக்கம் இழுத்துக்கொண்டது. 2012இல் திவிநெகும என்ற வறுமை ஒழிப்புச் சட்டமூலம் வந்து மாகாணத்தின் அதிகாரத்தை எடுக்கப் பார்த்தபோது எங்கள் கிழக்கு மாகாண சபையே கையுயர்த்தி இணங்கியது. தன் அதிகாரத்தைத் தானே கொடுத்த சபைக்காகவா அலையப்போகிறீர்கள்?

இதற்கு எங்களிடம் சுலபமான பதில் இல்லை. 2012 நடந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு இணங்கியவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களிடம் வாக்குக் கேட்டு வரும்போது கேள்வி கேட்க முடியும். இன்றைக்கு மாகாணப் பணத்தை எங்கே செலவழித்தீர்கள் என்று யாரிடம் கேட்பது? ஆளுநர் எங்கள் வாக்கைக் கேட்டு வரப்போவதில்லை. கிராமப்புற ஆஸ்பத்திரி, மாகாணப் பாடசாலை, உள்வீதி, கால்நடை, முன்பள்ளி எல்லாம் மாகாணத்தின் கீழ்தான். ஆசிரியர் இடமாற்றத்துக்காக ரீச்சரே எத்தனை தடவை உவர்மலை ஏறியிருக்கிறார்.

நானா இன்னொன்றைச் சொன்னார், அதுதான் என்னை முழுதாக இந்தப் பக்கம் கொண்டுவந்தது. எங்கள் மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் கணிசமாக இருக்கிறோம், யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. விகிதாசார முறையில் திருகோணமலையின் பத்து ஆசனத்தில் மூன்று சமூகத்துக்கும் இடம் வரும். தொகுதி முறைக்குப் போனால் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாம். “கோட்டை ஆர் கீறுறானோ அவன் வெல்லுவான். பழைய முறையில எண்டா மூணு பேரும் ஒரே மேசையில இருந்துதான் ஆகணும்” என்றார். மலையகக் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் எல்லை நிர்ணய அறிக்கையை எதிர்த்ததும் இதே பயத்தில்தான். ஆக, பழைய முறையில் உடனே என்ற கோரிக்கைக்கு மூன்று சமூகத்திலும் ஆள் சேர்க்கலாம். புதிய அரசியலமைப்பின் எந்த அத்தியாயத்துக்கு அப்படி ஒரே வசனத்தில் ஆள் சேரும்? வடக்கு கிழக்கு இணைப்பு என்று பேச்செடுத்தாலே எங்கள் விறாந்தையில் எட்டுப் பேரும் மூன்றாகப் பிரிந்துவிடுவோம். 1988இல் இணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்ததும், 2006இன் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்ததும் இந்த ஊர்தான். அந்தப் பேச்சு வேண்டியதுதான், ஆனால் 37 பேர் உட்காருவதற்கு அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கடினம் என்று மேலே சொன்னேன். எட்டு வருடமாகச் சபையை வெறுமையாக வைத்திருக்க முடிந்தது, உட்கார ஆளில்லாமல் ஆக்கிவிட்டதால்தான்.

மூன்றாவது வழி: கையில் இருக்கும் சட்டம்

இதை நீட்ட வேண்டியதில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் எழுதியாயிற்று, 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியாகவும் வைத்தது. ஆனாலும் எனக்குச் சிங்களக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்ப எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இந்த வழி நிச்சயம் பலன் தரும், சின்னதாக, ஒவ்வொன்றாக. இதன் குறை என்னவென்றால் மாடி ஏற ஏற பலம் குறையும். வடிகான் மூடியை வாங்கலாம், மாகாணத்தின் வரவுசெலவுத் திட்டத்தைத் தீர்மானிக்கும் ஆளைத் தகவல் உரிமையால் தெரிவு செய்ய முடியாது. அதோடு எழுதுபவர் ஓய்ந்தால் வேலையும் ஓயும்.

இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்க்கலாம் என்று சொன்னது எங்களில் இளையவள். மாகாண சபை இல்லாத இத்தனை வருடத்தில் உறுப்பினர்களுக்குரிய ஒதுக்கீடு என்னவானது, நியதிச் சட்டம் ஏதும் ஆக்கப்பட்டதா, யார் அங்கீகரித்தது என்று தகவல் கேட்போம், அந்தப் பதிலை வைத்துத் தேர்தலைக் கேட்போம் என்றாள். வெறும் ஜனநாயகம் என்று கேட்பதைவிட, இன்ன வீதிக்கு இன்ன தொகையை யாரும் கேள்வி கேட்காமல் செலவழித்தீர்கள் என்று கேட்டால் கந்தளாயிலும் காது கொடுப்பார்கள், மூதூரிலும் கொடுப்பார்கள்.

மூன்றாம் கூட்டத்தில் முடிவெடுத்தோம். இந்த வருடத்தின் எங்கள் வேலை, பழைய விகிதாசார முறையில், பெண் வேட்பாளர் வீதத்தை வைத்தபடியே, மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்தக் கேட்பது. ரீச்சர் உடன்பட்டாலும் தன் கருத்தைக் குறிப்பில் எழுதச் சொன்னார், எழுதினோம். தகவல் கோரும் படிவம் மூன்று நிரப்பியாயிற்று. மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு பக்கக் கடிதம். தமிழ்ப் பிரதி என்னுடையது, ஆங்கிலம் இளையவளுடையது. சிங்களப் பிரதியைக் கந்தளாயில் ரீச்சரோடு படிப்பித்த மிஸ் ஒருவர் திருத்தித் தருகிறார், “மேலே என்ட பேரையும் போடுங்க” என்று சொல்லியும் அனுப்பியிருக்கிறார். அது வந்ததும் நான்கையும் பதிவுத் தபாலில் போடுவோம்.